ஓதற்பிரிவும் ஒரு மாணவன் வரைந்த குறிப்பும்: மோம்பெலியே நகரில் பெலிக்ஸ் பிளாட்டர் (1552–1557)

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர், அவை தோன்றிய காலத்தையும், அவற்றிற்கு உரிமை வழங்கிய வேந்தரையும், அங்கு விளங்கிய பேராசிரியர்களையும் விரித்துரைப்பர். அப்பல்கலைக்கழகங்களை நாடி நெடுந்தொலைவு நடந்தும் குதிரையேறியும் சென்ற மாணவன் எங்கே உறங்கினான், எதனை உண்டான், எதற்கு அஞ்சினான் என்னும் செய்திகள் அந்நூல்களில் அருகியே காணப்படும். நம் தொல்காப்பியர் பிரிவிற்குரிய காரணங்களுள் ஓதலை முதற்கண் வைத்து எண்ணினார். எனினும், பிரிந்து சென்றோன் சென்ற இடத்தில் எங்ஙனம் வாழ்ந்தான் என்பதை அகப்பாட்டுக்கள் கூறுவதில்லை. அது அவற்றின் நோக்கமும் அன்று. ஓதற்பொருட்டுப் பிரிந்த ஒருவனே தன் அன்றாட வாழ்வை எழுதிவைத்த சான்று கிடைக்குமாயின், அது வரலாற்று மாணவர்க்கு அரும்பொருளாகும். அத்தகைய சான்றுகளுள் ஒன்று, சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரத்து மருத்துவர் பெலிக்ஸ் பிளாட்டர் வரைந்த தன்வரலாறு. அதன்கண் காணப்படும் மாணவப் பருவச் செய்திகளை ஆராய்வதும், அவற்றை எவ்வளவிற்கு நம்பலாம் என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் இயல்பு

பெலிக்ஸ் பிளாட்டர் 1536ஆம் ஆண்டு பிறந்து 1614ஆம் ஆண்டு மறைந்தவர். பாசல் நகரின் தலைமை மருத்துவராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் நெடுங்காலம் விளங்கியவர். தம் முதுமையில், 1612ஆம் ஆண்டளவில், இளமையில் எழுதிவைத்த குறிப்புக்களையும் பாதுகாத்து வைத்திருந்த மடல்களையும் துணைக்கொண்டு, பாசல் வட்டாரச் செருமானிய மொழியில் இவ்வரலாற்றைத் தொகுத்தார். பிற்காலப் பதிப்பாளர் இதனை 'நாட்குறிப்பு' என்றே வழங்கினர்; 1976ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுப் பதிப்பும் அப்பெயரை உடையது.

ஆயினும் இதனை முற்றும் நாட்குறிப்பு எனல் பொருந்தாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் புதுச்சேரியில் எழுதியது, நிகழ்ச்சி நடந்த சூட்டிலேயே எழுதப்பெற்றது. நாளை என்ன நிகழும் என்பதை அறியாதவர் கை எழுதியது. பிளாட்டரின் நூலோ, பதினாறு அகவை மாணவனின் குறிப்புக்களை எழுபத்தைந்து அகவை முதியவர் எடுத்துக் கோத்த மாலை. இளைஞன் கண்ணும் முதியவர் கையும் அதில் கலந்துள்ளன. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே நூலைப் படித்தல் வேண்டும்.

தந்தை பெற்ற கல்வி

மகனின் பயணத்தை உணர, தந்தையின் பயணத்தை முதலில் அறிதல் வேண்டும். தந்தை தாமஸ் பிளாட்டர் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் வாலே என்னும் பகுதியில் பிறந்து, ஆடு மேய்த்து வளர்ந்தவர். கல்வி வேட்கையால் மூத்த மாணவர் ஒருவருடன் செருமானிய நாடுகளில் அலைந்தார். அக்காலத்தே நாடோடி மாணவர் கூட்டங்களில், இளையோர் வீடுதோறும் இரந்து உணவு கொணர்தலும், மூத்தோர் அதனைப் பெற்று உண்டு இளையோரை அடித்தலும் வழக்கமாயிருந்தன. பசி தாங்காது நாய்களிடமிருந்து எலும்பைப் பறித்ததையும், தரைப்பலகையின் இடுக்குகளிற் கிடந்த அப்பத் துணுக்குகளைப் பொறுக்கித் தின்றதையும் தாமஸ் 1572ஆம் ஆண்டில் எழுதிய தம் வரலாற்றில் மறையாது கூறுகின்றார். இத்தனை ஆண்டு அலைந்தும், ஏறத்தாழப் பதினெட்டு அகவையிற்றான், சிறுவரோடு ஒருங்கமர்ந்து முறையாக இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார்.

பின்னர்ச் சூரிச் நகரில் மிக்கோனியஸ் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். பள்ளி அடுப்பிற்கு விறகில்லாத ஒரு காலைப்பொழுதில், கோயிற் பீடத்திலிருந்த புனித யோவானின் மரச்சிலையை எடுத்து அடுப்பிலிட்டு எரித்ததாக அவரே எழுதுகின்றார். சமயச் சீர்திருத்தம் பரவிய அந்நாளில் இச்செயல் வெளிப்பட்டிருப்பின் அவர் உயிர்க்கே கேடு நேர்ந்திருக்கும். பின்னர்க் கயிறு திரித்துக்கொண்டே எபிரேயம் கற்றார். பாசலில் அச்சகம் நடத்தினார். கால்வினின் பெயர்பெற்ற சமயநூலின் முதற்பதிப்பு 1536இல் வெளிவந்தது அவ்வச்சகத்திலிருந்தே என்பது குறிப்பிடத்தக்கது. பெலிக்ஸ் பிறந்ததும் அவ்வாண்டே. தாமஸ் தாம் மருத்துவராக விழைந்தார், அது கைகூடவில்லை. அவ்விழைவு மகன்பாற் சென்றது.

வழிச்செலவு

1552 அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், கொள்ளைநோய் பரவியிருந்த பாசலை விட்டுப் பெலிக்ஸ் ஒரு சிறு குதிரையில் புறப்பட்டான். தந்தை சிறிது தொலைவு உடன் சென்றார். விடைகொடுக்கும் வேளையில் இலத்தீன் முறைப்படி வாழ்த்துரைக்கத் தொடங்கிய தந்தை, அச்சிறு சொல்லின் முதலெழுத்தைச் சொன்னவளவில் நா எழாது, எஞ்சியதைக் கூறாமலே திரும்பி நடந்தார். வாழ்நாள் முழுதும் இலத்தீன் பயிற்றிய ஆசிரியர்க்கு ஒரு சொல் முற்றவில்லை. இதனை அறுபது ஆண்டு கழித்து மகன் நினைவுகூர்ந்து எழுதியிருத்தல் அறியத்தக்கது.

லோசான் நகரை அடையுமுன் சோரா என்னும் காட்டில் இருள் சூழ்ந்தது. வழிதப்பியோர் ஒரு சிறு விடுதியிற் புகுந்தனர். அங்குக் குடித்துக்கொண்டிருந்தோர் தோற்றம் அச்சம் விளைத்தது. பயணிகள் அறைக்கதவின்மேல் கட்டிலை இழுத்துச் சார்த்தி, உருவிய வாளுடன் விழித்திருந்து, பொழுது புலருமுன் அவ்விடம் நீங்கினர். அவர்கள் வழிப்பறிக் கூட்டத்தினர் என்பது பின்னர்த் தெரியவந்தது. செனீவாவில் தந்தையின் மடலைக் கால்வினிடம் சேர்ப்பித்தான். அங்கிருந்து மோம்பெலியே செல்லும் மருத்துவர் ஒருவர் வழித்துணையாயினார். லியோன், அவிஞோன், நீம் ஆகிய ஊர்களைக் கடந்து, அத்திங்கள் இறுதியில் மோம்பெலியே சேர்ந்தான். இருபது நாட்பயணம் அது.

உண்டியும் உறையுளும்

அயல்நாட்டில் மகனைப் பயிற்றும் செலவைப் பள்ளியாசிரியர் ஒருவர் எங்ஙனம் தாங்கினார்? இதற்கு அக்காலத்தார் கண்ட வழி, மக்களை மாற்றிக்கொள்ளுதல். மோம்பெலியேயில் மருந்துக்கடை வைத்திருந்த லோரான் கத்தலான் என்பாரின் இல்லத்தில் பெலிக்ஸ் தங்கினான். அவருடைய மகன் ஒருவன் பாசலில் பிளாட்டர் இல்லத்தில் தங்கிப் பயின்றான். ஒருவன் உண்ட உணவிற்கு மற்றவன் உண்ட உணவு ஈடாயிற்று. பணம் அரிதாகவும் வழி இடர் மிக்கதாகவும் இருந்த நாளில், இம்முறையே எளிய குடும்பத்து மாணவர் பலர்க்கு அயல்நாட்டுக் கல்வியை இயல்வதாக்கியது எனலாம்.

கத்தலான் இசுபானிய யூத மரபினர். கட்டாயத்தாற் கிறித்தவராக்கப்பட்ட குடியினர். புறத்தே கத்தோலிக்கராக ஒழுகினும் பழைய பழக்கங்கள் சிலவற்றை அவ்வீட்டார் கைவிடவில்லை. வெண்ணெயிற் சமைத்துண்டு பழகிய பெலிக்ஸுக்கு அங்கு எல்லாம் எண்ணெயாகவே தோன்றியது. ஆட்டிறைச்சியும், நீர் கலந்த மதுவும், எண்ணெயிற் சமைத்த கீரையும் அவன் உணவாயின. தவக்காலத்தில் இறைச்சியும் முட்டையும் கடுந்தண்டத்தின்பாற் படுவன. சீர்திருத்தச் சமயத்தவனாகிய பெலிக்ஸ் தன் அறையிலே தாள்மீது வெண்ணெய் உருக்கி முட்டையைச் சமைத்துண்டான், ஓடுகளை ஒளித்துவைத்தான். பணிப்பெண் அவற்றைக் கண்டு தலைவியிடம் கூறினாள், வீட்டார் சினந்தனர். எனினும் செய்தி வீட்டிற்கு வெளியே செல்லவில்லை. தமக்கும் மறைக்க வேண்டுவன உடைய இல்லத்தார் பிறன் மறைவை வெளியிடாமை இயல்பே.

பெலிக்ஸ் யாழ் போன்ற லூட் என்னும் நரம்புக் கருவியை நன்கு வாசிக்க வல்லவன். அவ்வூரார் அவனை 'லூட் வாசிக்கும் செருமானியன்' என்னும் பொருள்படவே அழைத்தனர். நடனங்களிற் கலந்தான். கடலில்லா நாட்டினனாகிய அவன் தோழரோடு கடற்கரை சென்று நீராடினான். கிளிஞ்சலும் செடிகொடியும் திரட்டினான். மாதுளையும் அத்தியும் பெட்டியிலிட்டு ஊருக்கு அனுப்பினான். மடல்கள் வணிகர் கையிலும் ஊர் திரும்பும் மாணவர் கையிலும் சென்றன. திங்கள்கள் கடந்தே சேர்ந்தன. தந்தையின் மடல்களிற் பெரும்பாலும் ஒரே அறிவுரை: பாசலில் மருத்துவர் பலர் உளர், அவரினும் மேம்பட்டாலன்றி எளியோன் மகனுக்கு இடமில்லை.

கல்வியும் பிணமும்

மோம்பெலியே மருத்துவக் கல்விக்கு அந்நாளிற் பெயர்பெற்றது. மீன்களைப் பற்றி ஆராய்ந்த ரோந்தலே அங்குப் பேராசிரியராயிருந்தார். செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பேணும் பழக்கத்தை அங்கே பெலிக்ஸ் மேற்கொண்டான். மருந்துக்கடையிலேயே தங்கியமையால் மருந்துகளின் செய்முறைகளை நேரிற் கண்டு, கிடைத்த குறிப்புக்களையெல்லாம் படியெடுத்தான்.

உடற்கூற்றை அறியும் வேட்கை அவனுக்கு மிகுதி. அறுத்து ஆராய்தற்குரிய உடலங்களோ அரிய. ஆகவே மாணவர் சிலர், துறவி ஒருவர் துணையோடு, இரவில் நகர்க்கு வெளியே புனித தெனி மடத்தின் இடுகாட்டிற்குச் சென்று, புதிதாகப் புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்தனர். கையாலேயே மண்ணைப் பறித்ததையும், நகரக் கதவின் அடியில் நுழைந்து உடலை இழுத்ததையும் பிளாட்டர் விரிவாகக் கூறுகின்றார். பின்னர் அம்மடத்துத் துறவியர் காவலிருந்து சாளரத்தினின்று அம்பெய்யத் தொடங்கினர் என்பதும் அவர் கூற்று. உடற்கூற்றுக்கென அரங்கம் ஒன்று மோம்பெலியேயில் 1556இல் அமைந்தது. இரவு இடுகாட்டையும் அவ்வரங்கையும் ஒருங்கு நோக்கின், அறிவுத்துறை ஒன்று மறைவினின்று வெளிப்படைக்கு வந்த வழி புலனாகும்.

தீயும் வாய்வாளாமையும்

இந்நூலின் மிகக் கடுமையான பகுதி சமயத் தண்டனைகளைப் பற்றியது. 1554 சனவரியில், கத்தோலிக்கத்தை விட்டு நீங்கிய முன்னாட் குரு ஒருவர் எரிக்கப்பட்டார். சில நாளில் துணிமயிர் கத்தரிக்கும் தொழிலாளி ஒருவரும் எரிக்கப்பட்டார். அன்று மழை, வைக்கோல் நனைந்து தீ பற்றவில்லை, கட்டுண்டவர் நெடுநேரம் துன்புற்றார். தீயை மூட்டக் கற்பூரத்தைலம் வேண்டியதாயிற்று. அஃது எடுத்துவரப்பெற்றது கத்தலானின் மருந்துக்கடையிலிருந்து.

அதாவது, பெலிக்ஸ் உண்டும் உறங்கியும் பயின்றும் வாழ்ந்த வீட்டிலிருந்து, அவன் சமயத்தவர் ஒருவரை எரிக்கும் பொருள் சென்றது. தைலம் கொடுத்த பணியாளரை அவன் கடிந்தான். அவர்களோ, நீயும் லூத்தர் வழியினன். உனக்கும் இதுவே நேரலாம். வாய்மூடியிரு என்னும் கருத்துப்பட எச்சரித்தனர். அவன் அடங்கினான். தொடர்ந்து பயின்றான், 1556 மே மாதத்தில் இளநிலைப் பட்டமும் பெற்றான்.

இதனை எங்ஙனம் மதிப்பிடுவது? முதியவர் தம் இளமையை அழகுபடுத்தி எழுதியிருக்கலாம் என்னும் ஐயம் தன்வரலாறு அனைத்திற்கும் உரியது. இந்நிகழ்ச்சியோ எழுதியவர்க்குப் பெருமை தருவதன்று. பாசல் நகரின் மதிப்பிற்குரிய மருத்துவராய், தம் சமயத்தார் நடுவே வாழ்ந்த முதியவர், தாம் வீரமாக எதிர்த்ததாக எழுதியிருப்பினும் மறுப்பார் எவருமிலர். அவர் எழுதியது தம் அடக்கத்தையே. தனக்குப் பெருமை தராத செய்தியை ஒருவன் வலிந்து கூறுமிடத்து அச்செய்தி நம்பத்தக்கது என்பது சான்றாராய்ச்சியின் பொதுவிதி. அவ்விதி ஈண்டு நன்கு பொருந்தும். தந்தை எரித்தது மரச்சிலையை; அஞ்சியது சில நாள். மகன் எரியக் கண்டது மனிதனை. அஞ்சி அடங்கியது ஆண்டுக்கணக்கில். முப்பது ஆண்டு இடைவெளியில் சமயப்பூசல் எவ்வளவு முற்றியது என்பதற்கு இவ்விரு தீயினும் தெளிவான சான்று வேண்டா.

திரும்பிய பின்

1557 பிப்ரவரியிற் புறப்பட்ட பெலிக்ஸ், துலூசு, போர்தோ, பாரிசு நகர்களைக் கண்டு, மே மாதத்தில் பாசல் சேர்ந்தார். அவ்வாண்டே முனைவர் பட்டம் பெற்று, அறுவை மருத்துவர் மகளாகிய மாக்தலேனாவை மணந்தார். அவருடைய உலர்செடித் தொகுதியை 1580இல் மோந்தேன் நேரிற் கண்டு வியந்து எழுதியுள்ளார். அதன் எஞ்சிய மடலங்கள் பெர்ன் நகரில் உள்ளன.

தாமஸ் முதுமையில் மறுமணம் செய்து பெற்ற மகன், தந்தையின் பெயரையே உடையவன், தமையனார் பெலிக்ஸின் அரவணைப்பில் வளர்ந்து 1595இல் மோம்பெலியே சென்று பயின்றான். அவன் 1599 செப்டம்பரில் இலண்டனிற் கண்ட சூலியசு சீசர் நாடகத்தைப் பற்றிய குறிப்பு, சேக்சுபியர் ஆராய்ச்சியாளர்க்கு இன்றும் இன்றியமையாச் சான்றாகும். நாடக வரலாற்றில் விடை காணா ஒரு வினாவிற்கு மருத்துவ மாணவன் ஒருவனின் பயணக்குறிப்பு விடை தந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படும். முதலாவது, ஓதற்பொருட்டுப் பிரிந்தோர் எழுதியவை கல்வி வரலாற்றிற்கு மட்டுமன்றி, உணவு, வணிகம், சமயம், நாடகம் ஆகியவற்றின் வரலாற்றிற்கும் சான்றாவன. இரண்டாவது, அவற்றை நாட்குறிப்பென்று பெயரளவிற் கொள்ளாது, எக்காலத்தில் எவர் கை எழுதியது என்று பிரித்தறிந்தே ஆளுதல் வேண்டும். மூன்றாவது, எழுதியவர் தம்மைப் புகழாத இடங்களே வரலாற்றாசிரியன் முதற்கண் நோக்கத்தக்கவை. ஒரு மாணவன் ஒளித்துவைத்த முட்டை ஓடும், கடையிலிருந்து சென்ற தைலமும், தந்தை சொல்லி முடிக்காத ஒரு சொல்லும் அரசவை ஆவணம் எதனிலும் கிடைப்பன அல்ல.