ஷேர்லி கிளார்க் அம்மையாரின் திரைப்பணி

ஆடற்கலையும் திரைக்கலையும் அசைவையே உயிராகக் கொண்டவை. இவ்வுறவைத் தம் பணியால் விளக்கிக் காட்டியவருள் ஒருவர், 1919 இல் நியூயோர்க் நகரிற் பிறந்த ஷேர்லி கிளார்க் அம்மையாராவர். புதுமை நடனம் பயின்ற அவருக்கு, அப்பயிற்சி முழுப்பயன் அளித்தது கமெராவைக் கையிலெடுத்த பின்னரேயாம்.

'வெயிலில் ஆடல்' என்னும் பொருளுடைய அவரது குறும்படம் 1953 இல் உருவாயிற்று. அதில் டானியல் நாக்ரின் மேடையிலே தொடங்கும் அசைவு கடற்கரை மணலிலே முடிவுறும். இடம் மாறுகின்றது, ஆட்டமோ அறுபடவில்லை. மேடையில் எவராலும் இயற்றவியலாத இவ்வித்தை படத்தொகுப்பினாற் கைகூடியதாகும். 1958 இல் அவர் எடுத்த 'பிரிட்ஜஸ் கோ ரவுண்ட்' என்ற படத்திலோ மனிதர் ஆடவில்லை. நியூயோர்க்கின் பெரும் பாலங்களே ஆடின. இரும்பை ஆட்டுவித்தவர் என்று அவரைக் கூறின் மிகையாகாது.

ஜாக் கெல்பரின் நாடகத்தைத் தழுவிய 'தி கனெக்‌ஷன்' 1961 இல் கான் விழாவிற் காட்டப்பெற்றது. ஹெரோயின் கொணர்பவனை எதிர்நோக்கி ஓர் அறையிற் காத்திருப்போரை, விவரணப் படக்காரர் ஒருவர் படமெடுப்பதாகக் கதை அமைந்துள்ளது. காண்போர் மெய்யென மயங்கும் யாவும் நடிப்பேயாம். நியூயோர்க் மாநிலத் தணிக்கையாளர் இதற்கு உரிமம் மறுத்தனர். அவர் கண்ட குற்றம் போதைப்பொருளன்று; அப்பொருளுக்குக் குழூஉக்குறியாகப் பாத்திரங்கள் வழங்கிய, மலத்தைச் சுட்டும் ஒரு சொல்லே! அச்சொல் அவ்விடத்தில் ஆபாசமாகாதென 1962 இல் நீதிமன்றம் தீர்த்தது. எனினும், வழக்கில் வென்ற படம் அரங்கிற் பொருளீட்டவில்லை.

அடுத்து வந்த 'தி கூல் வேர்ள்ட்' ஹார்லெம் தெருக்களிலேயே, நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர் பலரைக் கொண்டு எடுக்கப்பெற்றது. அக்காலத்தே கவிஞர் ரொபர்ட் புரொஸ்ற் பற்றி அவர் நெறிப்படுத்திய விவரணப் படம், 1963 ஆம் ஆண்டுக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது.

கற்பனையை மெய்போற் காட்டியவர், 1967 இல் வெளியான 'போர்ட்ரெய்ட் ஒவ் ஜேசன்' படத்தில் மெய்யையே ஐயுற வைத்தார். செல்சி விடுதி அறையொன்றில், ஓரிரவு ஏறத்தாழ 12 மணிநேரம், ஜேசன் ஹொலிடே என்ற கறுப்பினத்தவர் கமெராமுன் தம் கதையைக் கூறுகின்றார். அவர் உரைப்பது வாழ்வோ நடிப்போ? கமெராவின் பின்னிருந்து எழும் கேள்விகள் சிற்சில வேளை இரக்கமின்றியே ஒலிக்கின்றன. அவற்றை வெட்டியெறியாது விட்டதை நேர்மையென்றே கொள்ளல் தகும்.

பின்னர் வீடியோவில் ஈடுபட்ட அவர், 1975 முதற் சில ஆண்டுகள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திற் கற்பித்தார். ஜாஸ் இசைஞர் ஓர்நெற் கோல்மன் குறித்து 1960களில் தொடங்கிக் கைவிட்ட படத்தை மீண்டும் எடுத்து, 1985 இல் நிறைவு செய்தார். அதுவே அவரது இறுதி நெடும்படம். 1997 இல் பொஸ்டன் நகரிற் காலமானார்.