புதுவையில் சோழிக் கணக்கும் கிரகணமும்

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட், நகரை ஊடறுத்தோடும் கால்வாய்க்கு மேற்கே, தமிழர் வாழ்பகுதியில் அமைந்த அங்காடியாகும். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் அதனை அடுத்தே உளது. இத்தகைய அங்காடிகளில் வாக்கியப் பஞ்சாங்கத்தை வாங்குவோர், அதன் கணித முறையே இந்நகரிலிருந்து ஐரோப்பிய வானியலறிஞர் செவிக்கு எட்டியது என்பதை அறிதல் அரிது. அவ்வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

வெள்ளி கதிரவனைக் கடக்கும் காட்சியைக் காணும்பொருட்டு, லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் 1760இல் புதுவைக்குக் கப்பலேறினார். அவர் வந்து சேருமுன், 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து அளந்தது பயன்படவில்லை. அடுத்த கடப்பிற்காகக் காத்திருந்து 1768 மார்ச்சில் புதுவை வந்தார்; இடிந்த கோட்டையின்மேல் வானாய்வுக்கூடம் எழுப்பினார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலையில் மேகம் மறைத்தது. தாயகம் மீண்டபோது, இறந்தாரென்று கருதி அவர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். பலரும் இத்துயரத்தையே விரித்துரைப்பர். புதுவையில் தங்கிய ஏறத்தாழ ஈராண்டில் அவர் கற்றதோ அதனினும் பெரிது என்பது எம் கருத்து.

தமிழர் ஒருவரிடம் அவர் இந்நாட்டுக் கணித முறையைப் பயின்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறையால் கணித்தபோது 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்றிருந்த தோபியாஸ் மாயரின் வாய்பாடுகளோ 68 வினாடி மிகுத்துக் காட்டின. 1779இலும் 1781இலும் வெளிவந்த தம் பயணநூலின் வாயிலாக லெ ழாந்தி இந்திய வானியலைப் பிரான்சு நாட்டார்க்கு அறிவித்தார்.

இவ்வொன்றையே எடுத்துக்காட்டிப் பெருமிதங் கொள்வாரும் உளர். அஃது ஆராய்ச்சியாகாது. வாரன் என்பார் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்னும் நூலையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், புதுவைப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். சாமிநாதன் சேஷையா என அப்பெயரைக் கொள்ளலாம். அக்கணிதர் ஏடும் எழுத்தாணியுமின்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான சொற்களைக்கொண்டே அவ்வாண்டு மே இறுதியில் நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது. 41 வினாடியும் இதுவும் ஒரே மரபின் விளைவுகளே.

அம்முறை வருமாறு: நிலவின் ஓட்டம் விரைந்தும் தளர்ந்தும் மாறும் சுற்று ஏறக்குறைய இருபத்தேழரை நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாளும், நூற்றுப்பத்துச் சுற்றுக்கு 3031 நாளும் ஆகும். கழிந்த நாள்தொகையினின்று 12372, 3031, 248 என்னும் எண்களை முறையே கழித்து எஞ்சும் நாளுக்குரிய வாக்கியத்தை நினைவுகூர்ந்தால் நிலவின் இடம் கிடைக்கும். வாக்கியத்தின் எழுத்துகளே எண்கள். சோழி அவ்வெண்களைக் கூட்டவும் கழிக்கவும் உதவும்.

கணிதர் கோட்பாட்டை அறியார், நினைவாற்றல் மட்டுமே உடையார் என்று வாரன் எழுதினார். அது குறையென்றே தோன்றும். 1952இல் நாய்கெபவர் என்னும் அறிஞர் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை வேறுவகையாக நோக்கினார். 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் கிரேக்கப் பாப்பிரசுச் சுவடிகளிலும் காணப்படுவது. கோட்பாடறிந்து திருத்துவோர் கையில் பழைய எண் சிதைந்திருக்கும். மாற்றாது ஒப்பித்தோர் வாயிலன்றோ அது பிழைத்தது? பாபிலோனிலிருந்து இங்கு நேரே வந்ததோ, கிரேக்கர் வழியாக வந்ததோ என்பது வேறு வினா. குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் 1962இல் சென்னையில் ‘வாக்கியகரண’த்தைப் பதிப்பித்தபின், புதுவைக் கணிதர் வாய்மொழியை மூலநூலோடு ஒப்பிடுதல் எளிதாயிற்று.