குற்றவாளிக் கூண்டில் சமயமா? – நத்ரா வழக்கும் 1950 சிங்கப்பூர்க் கலவரமும்

உலகில் எங்கேனும் ஒரு கொடுஞ்செயல் நிகழ்ந்துவிட்டால், உயிரிழந்தவர் யாவர் என்று கேட்பதற்கு முன்பே, "செய்தவன் எந்தச் சமயத்தவன்?" என்று கேட்கப் பழகிவிட்டோம். விடை கிடைத்ததும் தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. ஒரு சாரார், "அந்தச் சமயமே அப்படித்தான்" என்பர். மறு சாரார், "சமயத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை" என்பர். பல இனங்களும் பல சமயங்களும் அடுத்தடுத்து வாழும் நம் மண்ணில் இவ்விரு விடைகளுமே குழந்தைகளின் காதில் விழுகின்றன. ஆகவே, நமக்கு மிக அருகில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு இதனைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

மரியா ஹெர்டோக் 1937ஆம் ஆண்டு ஜாவாவில் ஒரு டச்சுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை டச்சு இராணுவத்தில் பணிபுரிந்தவர். 1942இல் ஜப்பானியரிடம் போர்க்கைதியானார். அந்த நெருக்கடியில் சிறுமி மரியா, திரெங்கானு மாநிலத்தின் கெமாமானைச் சேர்ந்த சே அமினா என்னும் மலாய்ப் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டாள். சிறிது காலம் பார்த்துக்கொள்ளவே கொடுத்ததாகப் பெற்ற தாயும், வளர்ப்பு மகளாகவே ஏற்றுக்கொண்டதாக அமினாவும் பின்னர் கூறினர். போர் முடிந்தபின் கெமாமானில் நத்ரா என்ற பெயருடன், முஸ்லிம் பிள்ளையாக அவள் வளர்ந்து வந்தாள்.

1949இல் அவளது இருப்பிடம் தெரியவந்தது. பெற்றோர் உரிமை கோரினர். 1950 மே மாதம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாக ஆணையிட்டது. ஜூலையில் அமினா மேல்முறையீட்டில் வென்றார். ஆகஸ்டு முதல் நாள் 13 வயது நத்ராவுக்கும் 22 வயது ஆசிரியர் மன்சூர் அடாபிக்கும் திருமணம் நடைபெற்றது. வழக்கு மீண்டும் நீதிமன்றம் ஏறியது. டிசம்பர் 2ஆம் நாள் நீதிபதி பிரவுன், அத்திருமணம் செல்லாது, பிள்ளை தந்தைக்கே உரியவள் என்று தீர்ப்பளித்தார்.

இதுவரை நடந்தவை அனைத்தும் சட்டத்தின் வழியே நடந்தவை என்பதை நாம் மறத்தலாகாது. தீர்ப்பை ஏற்காத அமினா மீண்டும் மேல்முறையீட்டையே நாடினார். எவர் மீதும் கல்லெறியவில்லை. அவரும் சமயப் பற்று மிக்கவர்தாம்.

இதன் பின்னர்தான் மனிதர் சிலரின் முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. மேல்முறையீடு முடியும்வரை சிறுமியைக் கிறிஸ்தவக் கன்னியர் மடத்தில் தங்கவைக்க அதிகாரிகள் முடிவு செய்தனர். அவள் கன்னியாஸ்திரியின் கையைப் பற்றியிருக்கும் படத்தைச் "சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்" நாளிதழ் முதற்பக்கத்தில் வெளியிட்டது. மாதா சிலையின் முன் மண்டியிட்டாள் என்றும் எழுதியது. "உத்துசான் மெலாயு" அவள் அழும் படங்களை வெளியிட்டது. ஒரு குடும்பத்தின் துயரம், இரு சமயங்களின் மானப் போராட்டமாக மாற்றப்பட்டது.

டிசம்பர் 11ஆம் நாள் மேல்முறையீடு ஐந்து நிமிடங்களில் தள்ளுபடி செய்யப்பட்டது. நீதிமன்றத்தின் வெளியே திரண்டிருந்த கூட்டத்தில் மூண்ட கலவரம் 13ஆம் நாள் நண்பகல்வரை நீடித்தது. ஐரோப்பியர், யுரேசியர் என்று தோன்றியோரெல்லாம் தாக்கப்பட்டனர். 18 பேர் மாண்டனர்: ஐரோப்பியரும் யுரேசியருமாக 7 பேர், காவலர் இருவர், சுடப்பட்ட கலவரக்காரர் 9 பேர். 173 பேர் காயமுற்றனர். கலவரம் நடந்துகொண்டிருந்தபோதே, முஸ்லிம் சமூகத்தின் முக்கியப் பிரமுகர்கள் ஒலிபெருக்கியில், வன்முறையை நிறுத்துமாறு வேண்டிக்கொண்டனர்.

இப்பொழுது கேள்விக்கு வருவோம். குற்றவாளி யார்? இஸ்லாம்தான் காரணம் என்றால், தீவில் வாழ்ந்த பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் அன்று ஏன் எவரையும் தாக்கவில்லை? நீதிமன்றத்தை நம்பிய அமினாவும், அமைதி வேண்டிய தலைவர்களும் எந்தச் சமயத்தவர்? கல்லை எடுத்தவனும் ஒலிபெருக்கியைக் கையிலெடுத்தவரும் ஒரே இறைவனைத் தொழுதவர்களே. அவ்வாறிருக்க, கல்லெடுத்த கைக்குரிய பழியை அந்தக் கைக்குரியவனிடமிருந்து எடுத்துச் சமயத்தின் மீது சுமத்துவது, குற்றம் புரிந்தவனுக்கே நாம் செய்யும் சலுகையாக முடிகிறது.

தனி மனிதர் செய்த கொலைகளிலும் இதனைக் காணலாம். 1948 ஜனவரி 30இல், வழிபாட்டுக் கூட்டத்திற்கு நடந்து சென்ற காந்தியடிகளைச் சுட்ட கோட்சே, கொல்லப்பட்டவரைப் போலவே இந்து. இருவரும் பகவத் கீதையைப் போற்றியவர்கள். 1995 நவம்பர் 4இல் இஸ்ரேலியப் பிரதமர் ராபினைச் சுட்ட யிகால் அமீர், தம் செயலுக்குச் சமய நெறியையே நியாயமாகக் காட்டினான், ராபினும் யூதரே. ஒரே சமயம் ஒருவரை வழிபாட்டிற்கும் மற்றொருவனைக் கொலைக்கும் அனுப்பியது என்றால், இடையில் தேர்ந்தெடுத்தது மனித மனம் அன்றோ?

ஆயினும், "சமயத்திற்கும் இதற்கும் தொடர்பே இல்லை" என்று கைகழுவுவதும் நேர்மையன்று. நத்ராவைச் சமய வேறுபாடற்ற ஓர் இல்லத்தில் தங்கவைத்திருந்தால், அப்படங்கள் அச்சேறாதிருந்தால், கூட்டம் இவ்வளவு கொதித்திருக்குமா? சமயம் மனிதனின் ஆழ்ந்த உணர்வைத் தொடுவது. அதனாலேயே அதனைத் தூண்டுகோலாக்குவோர்க்கு அது எளிதில் பயன்படுகிறது. கலவரத்தை ஆராய்ந்த லீச் விசாரணை ஆணையம், காவல் துறைத் தலைமையின் தவறுகளையும், கன்னியர் மடத்தில் தங்கவைத்த முடிவையும், செய்தித்தாள்களின் பரபரப்பையும் சுட்டிக்காட்டியது. அவ்வாறு பழியைப் பகுத்துப் பார்ப்பதே வரலாற்றுப் பார்வை. அடித்தவன் அடித்ததற்குப் பொறுப்பு. எழுதியவர் எழுதியதற்குப் பொறுப்பு. ஆண்டவர் அசட்டைக்குப் பொறுப்பு. சமயத்தைப் போதிப்போருக்கும் தம் பெயரால் நடப்பதைக் கண்டிக்கும் கடமை உண்டு. காரணத்தை ஆராய்வது வேறு, குற்றம் சுமத்துவது வேறு. இவ்விரண்டும் கலந்துவிடுமிடத்தில்தான் ஓர் இனமே தண்டிக்கப்படுகிறது.

கலவரத்தில் மாண்ட ஐரோப்பியரும் யுரேசியரும் எந்தத் தீர்ப்பையும் எழுதியவர்கள் அல்லர். "அவர்கள் அனைவரும் ஒன்றுதான்" என்ற எண்ணமே அவர்களைக் கொன்றது. இன்று ஒருவன் செய்த குற்றத்திற்காக அவன் சமயத்தார் அனைவரையும் பழிக்கும்போது, அதே எண்ணத்தைத்தான் நாமும் வாயால் சொல்கிறோம். கையில் கல் இல்லை என்பதே வேறுபாடு.

நத்ரா தம் தாயுடன் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். 2009 ஜூலை 8ஆம் நாள் அங்கேயே காலமானார். இரு தாயரின் அன்புக்கும் உரிய ஒரு பிள்ளையைப் பற்றிய வழக்கு அது. அதன் பெயரால் திரண்ட கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பிள்ளை நினைவிருந்தது?

ஆசிரியப் பெருமக்களே, இப்பாடத்தை நடத்தும்போது கலவரத்தின் ஆண்டையும் எண்ணிக்கையையும் மட்டும் மனனம் செய்விக்காதீர்கள். யார் என்ன முடிவெடுத்தார், வேறு எதனைச் செய்திருக்கலாம் என்று மாணவர்களைக் கேளுங்கள். பெற்றோர்களே, தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து "அவர்களே இப்படித்தான்" என்று சொல்ல நா எழும்போது, பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையை ஒருமுறை பாருங்கள். நாளை அவனுடன் ஒரே மேசையில் அமரப்போகும் நண்பனைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.