ஒப்பீட்டில் உருவான ஊர்ப்பற்று: கோயம்புத்தூரின் தன்மதிப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தம் ஊரைப் பிற ஊர்களோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்ளும் வழக்கம் கோயம்புத்தூர் மக்களிடம் வலுவாக உள்ளது. அவ்வொப்பீட்டின் அளவுகோல் காலந்தோறும் மாறி வந்தமையையும், அது யாரை உள்ளடக்கியது, யாரை விலக்கியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, கோயம்புத்தூர், ஊர்ப்பற்று, மண்டல சதகம், சிறுவாணி, வட்டார வழக்கு

முன்னுரை

மதுரைக்குப் பாண்டியர், தஞ்சைக்குச் சோழர், காஞ்சிக்குப் பல்லவர் என அரச மரபைச் சுட்டி ஊர்ப்பெருமை பேசுவது தமிழகத்தில் பொதுவழக்கு. கோயம்புத்தூருக்கு அவ்வாறு சுட்டத்தக்க தலைநகர மரபு இல்லை. கொங்குச் சோழர் இருந்தனர். எனினும் அவர்களது நினைவு நகர மக்களின் பேச்சில் இடம்பெறுவதில்லை. பேரூர்க் கோயிலின் பழமையும் இரண்டாம் நிலையிலேயே வைக்கப்படுகிறது. வெளியூராரிடம் கோவையார் முதலில் எடுத்துரைப்பவை தண்ணீர், தட்பவெப்பம், தொழில், மரியாதையான பேச்சு ஆகியனவே. இத்தேர்வு தற்செயலானதன்று.

மண்டலம் அளவுகோலாக இருந்த காலம்

கார்மேகக் கவிஞரின் கொங்குமண்டல சதகம் தனித்து நிற்கும் நூலன்று. தொண்டைமண்டலம், சோழமண்டலம், பாண்டிமண்டலம் ஆகியவற்றுக்கும் சதகங்கள் உள்ளன. புலவர், வள்ளல், திருத்தலம் எனப் பலவற்றைத் தொகுத்து, இவை எம் மண்டலத்துக்கு உரியவை என உரிமை கோருவது அவ்விலக்கிய வகையின் இயல்பு. ஒப்பீடும் போட்டியும் அதன் அமைப்பிலேயே அடங்கியுள்ளன. ஆனால் அங்கே போட்டியிடும் அலகு மண்டலமே, ஊர் அன்று. கொங்கின் இருபத்து நான்கு நாடுகளுள் ஒன்றான பேரூர் நாட்டில் அடங்கிய ஓர் ஊராகவே கோயம்புத்தூர் இருந்தது. ஆகவே இன்றைய கோவைப் பெருமிதத்தைச் சதகத்தின் நேரடித் தொடர்ச்சியாகக் கொள்ள இயலாது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்நகரில் 53,080 பேரே இருந்தனர். மதுரையில் ஏறத்தாழ அதன் இருமடங்கினர் வாழ்ந்தனர்.

நகரத்துக்குப் பழமை தேடும் முயற்சியும் பின்னர் நிகழ்ந்தது. கோவைகிழார் எனப்பட்ட சி. எம். இராமச்சந்திரன் செட்டியாரின் கொங்குநாட்டு வரலாறு 1954இல் வெளிவந்தது. ஆலைகள் ஊரின் முகத்தை மாற்றிய காலத்தில் வாழ்ந்த ஒருவரே அப்பணியை மேற்கொண்டார் என்பது கருதத்தக்கது.

ஆலையும் நீரும்

1866இல் நகராட்சியான கோயம்புத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் நூற்பாலை தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்த பின்னர் ஆலைகள் பெருகின. ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்னும் அடைமொழி நிலைபெற்றது. சதகம் சோழ, பாண்டிய மண்டலங்களை நோக்கிப் பேசியது. இவ்வடைமொழியோ ஆங்கில நாட்டு நகரமொன்றை நோக்கிப் பேசுகிறது. அகமதாபாத்தும் அதே பெயரால் புகழப்பட்டதால், இதனைக் கோவைக்கு மட்டும் உரிய சிறப்பென்று கூறுவதற்கில்லை. மேலும், மான்செஸ்டர் என்ற பெயர் தொழிலாளர் வரலாற்றில் நெருக்கடியான குடியிருப்புகளையும் நீண்ட வேலைநேரத்தையும் நினைவூட்டுவது. அடைமொழியை ஏற்றவர்கள் அப்பகுதியை ஏற்கவில்லை. 1946 சனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். தொழிற்சங்கத்தார் அந்நாளை நினைவுகூர்கின்றனர். நகரின் பொதுவான பெருமிதப் பட்டியலில் அது இல்லை.

சிறுவாணி நீரின் நிலை இன்னும் சிக்கலானது. குளங்களையும் கிணறுகளையும் நம்பியிருந்த ஊருக்கு 1930ஐ ஒட்டி இந்நீர் வந்தது. அதற்கு முனைந்து உழைத்த நகராட்சித் தலைவர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரை ஆர். எஸ். புரம் தாங்கி நிற்கிறது. உலகிலேயே சுவையில் இரண்டாமிடம் பெற்ற நீர் என்று இதனைக் கூறுவோர் பலர். அளந்தவர் யார், முதலிடம் எதற்கு என்பன அக்கூற்றோடு சொல்லப்படுவதில்லை. முதலிடத்தைக் கோராமல் இரண்டாமிடத்தோடு அமைவதே அதற்கு நம்பகத்தன்மை அளிக்கிறது போலும்!

நீர் கொணரப்பட்டபோது அதன் பிறப்பிடம் மலபார் மாவட்டத்தில், அதாவது அதே சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புக்குப் பின் அது கேரளத்துக்கு உரியதாயிற்று. 1973இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரே இன்றைய அணை எழுந்தது. அது பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. 2016இல் அட்டப்பாடியில் அணை கட்டும் கேரளத்தின் திட்டத்துக்கு எதிராகக் கோவையில் போராட்டங்கள் எழுந்தன. ஊரின் தலையாய பெருமை ஊரின் ஆளுகைக்கு வெளியே ஊறுகிறது என்னும் உண்மை அப்போது பொதுவெளிக்கு வந்தது.

மரியாதை யாருக்கு?

சென்னையோடு ஒப்பிடும்போது பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது பேச்சு. ‘ஏனுங்க’, ‘சொல்லுங்க’ எனச் சொல்தோறும் ‘ங்க’ ஒலிக்கும் கொங்கு வழக்கைப் பண்பாட்டின் சான்றாகவே ஊரார் கருதுகின்றனர். இவ்வழக்கை நாவலுக்குள் முழுமையாகக் கொணர்ந்த முன்னோடி ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் (1942). அந்நாவலில் நிலப்பங்கு கேட்கும் கைம்பெண் ஒருத்தியைச் சுற்றி எழும் பூசல் கொலையில் முடிகிறது. மென்மையான பேச்சு நிலவும் சிற்றூரில் உரிமைப் பூசல் மென்மையாக இல்லை.

மரியாதை விகுதி எல்லார்க்கும் ஒருபடித்தாக வழங்கப்பட்டதுமில்லை. பண்ணையத்தில் உழைத்த தாழ்த்தப்பட்ட சாதியினர், வயதில் மூத்தவராயினும், நிலவுடைமையாளர் வீட்டுச் சிறுவராலும் ஒருமையில் விளிக்கப்பட்டனர். பெருமாள்முருகனின் கூளமாதாரி, ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர்களின் வாழ்விலிருந்து இவ்வேற்றுமையைக் காட்டுகிறது. எனவே ‘கோவை மரியாதை’ என்பதனை மொழிப்பண்பாக மட்டும் விளக்குவது போதாது. யார் யாரிடம் பேசும்போது ‘ங்க’ வந்தது, எப்போது மறைந்தது என்பதைக் கள ஆய்வுகள் பதிவு செய்தல் வேண்டும்.

பிறந்தநாளின் எல்லை

சென்னை நாள் ஆகஸ்டு 22இல் கொண்டாடப்படுவதைப் போல, நவம்பர் 24 கோயம்புத்தூர் நாளாகக் கொள்ளப்படுகிறது. 1804இல் பவானி, தாராபுரம் பிரிவுகளை இணைத்துக் கும்பினியார் மாவட்டம் அமைத்ததே இதற்கு அடிப்படை. ஆகவே கொண்டாடப்படுவது நகரின் தோற்றம் அன்று. ஒரு நிருவாக எல்லையின் தோற்றமே. அவ்வெல்லையிலிருந்து நீலகிரி 1868இலும், கரூர் 1910இலும், கொள்ளேகால் 1956இலும், ஈரோடு 1979இலும், திருப்பூர் 2009இலும் பிரிந்தன. 2011இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது, அதுவரை தனி ஊர்களாக இருந்த துடியலூரும் வடவள்ளியும் குறிச்சியும் கோயம்புத்தூர் ஆயின.