ஹன்ட் பட்டியலின் ஐந்தாவது வரி

செவிலியப் பணி ஆய்வை அடித்தளமாகக் கொண்ட தொழிலாக மாற வேண்டும் என்று பிரிட்டனின் பிரிக்ஸ் குழு 1972இல் பரிந்துரைத்தது. அப்படியும் ஆய்வு முடிவுகள் வார்டுக்குள் ஏன் நுழையவில்லை? இந்தக் கேள்விக்கு இன்றளவும் மேற்கோளாக வருவது, 1981இல் ஜெனிஃபர் ஹன்ட் எழுதிய கட்டுரை. அவர் ஐந்து காரணங்களை அடுக்கினார். செவிலியருக்கு முடிவுகள் தெரிவதில்லை, தெரிந்தாலும் புரிவதில்லை, புரிந்தாலும் நம்புவதில்லை, நம்பினாலும் செயல்படுத்தும் வழி தெரிவதில்லை, கடைசியாக, செயல்படுத்த அவர்களுக்கு அனுமதி இல்லை.

ஐந்தில் நான்கு காரணங்கள் செவிலியரையே குறைகூறுகின்றன. ஹன்ட் இதை முக்கியத்துவ வரிசையாகக் கருதினாரா என்பதைப் பட்டியலை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது. ஆனால் அவருக்குப் பின் வந்தோர் பலர் அப்படித்தான் படித்தார்கள். பயிற்சி வகுப்பும் இதழ் வாசிப்புக் குழுவும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அந்த வாசிப்பில் பிறந்தது. அந்த வாசிப்பைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

ஹன்ட் தரப்புக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. கண்ணாடி வெப்பமானியை வாயில் எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்பதை முந்தைய ஆய்வுகள் நிறுவியிருந்தன. 1975இல் அமெரிக்காவில் கெடெஃபியன் 87 செவிலியரிடம் அதைக் கேட்டபோது, சரியான விடை சொன்னவர் ஒரே ஒருவர். அறியாமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று தோன்றும்.

வெப்பமானி செவிலியரின் கையில் இருக்கும் கருவி. இன்னும் சில நிமிடம் வைத்திருக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. எனவே அங்கே அறியாமையே முதன்மைக் காரணமாக இருக்கலாம். அறுவைக்கு முந்தைய பட்டினி அப்படிப்பட்டதல்ல. நோயாளிகள் தேவைக்கு மேல் நெடுநேரம் பட்டினி கிடப்பதை 1972லேயே ஹாமில்டன் ஸ்மித் ‘நில் பை மவுத்?’ என்ற நூலில் காட்டினார். அதைப் படித்த செவிலியர் என்ன செய்திருக்க முடியும்? அறுவை அரங்கின் பட்டியலும் மயக்க மருத்துவரின் உத்தரவும் அவர் கையில் இல்லை. கெடெஃபியனின் வெப்பமானியைக் கொண்டு மொத்த செவிலியப் பணியையும் அளந்ததே பிழை.

1991இல் சாண்ட்ரா ஃபங்க் குழுவினர் அமெரிக்காவில் 5,000 செவிலியருக்கு 29 தடைகள் கொண்ட வினாத்தாளை அனுப்பினர். முன்வரிசைக்கு வந்தது, நோயாளி பராமரிப்பு முறைகளை மாற்றத் தனக்குப் போதிய அதிகாரம் இருப்பதாகச் செவிலியர் உணர்வதில்லை என்ற கூற்று.

அந்த ஒரு கூற்றில் சற்றே நிற்க வேண்டும். அதன் சொற்கள் செவிலியரின் உணர்வைப் பற்றியவை. மேலோட்டமாகப் படித்தால் தன்னம்பிக்கைக் குறை போலத் தெரியும். ஆனால் காரணிப் பகுப்பாய்வில் அது செவிலியரின் இயல்புகள் என்ற தொகுதியில் சேரவில்லை. நேரமின்மை, மருத்துவர்கள் ஒத்துழையாமை, நிர்வாகத்தின் மறுப்பு ஆகியவற்றோடு பணிச்சூழல் தொகுதியில் போய்ச் சேர்ந்தது. நிர்வாகம் தடுக்கிறது என்று சொன்னவர்களே அதிகாரம் இல்லை என்றும் சொல்லும் போக்கு இருந்ததாலேயே அவை ஒன்றுகூடின. ஹன்ட் கடைசியில் வைத்த காரணம் இங்கே முன்னுக்கு வந்துவிட்டது.

இந்தச் சான்றிலும் ஓட்டை உண்டு. விடை அனுப்பியவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம்தான். உணரப்பட்ட அதிகாரமும் உண்மையான அதிகாரமும் ஒன்றல்ல. அமெரிக்க விடையை பிரிட்டன் வார்டுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஆயினும் விடை அனுப்பாத பெரும்பான்மையினரில் நேரமே கிடைக்காதவர்கள் கணிசமாக இருந்திருப்பார்கள் என்றே கருதத் தோன்றுகிறது. அப்படியானால் பணிச்சூழலின் பாரம் அந்த எண்கள் காட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

2010இல் காயெர்மோ குழுவினர் இதே அளவுகோலைப் பயன்படுத்திய 63 ஆய்வுகளைத் தொகுத்தனர். நாடுகள் மாறியும் ஆண்டுகள் கடந்தும் தடைகளின் வரிசை பெரிதாக மாறவில்லை. இந்த அளவுகோலைக் கொண்டு இன்னும் விவரிப்பு ஆய்வுகள் செய்யத் தேவையில்லை என்று அவர்களே எழுதினர். அடுத்த வினாத்தாள், வார்டின் விதிமுறைகளில் கையெழுத்திடுவோரிடம் போகட்டும்.