பழைய விளையாட்டு நினைவுப்பொருள் சேகரிப்பு (பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகள்)

பழைய கோப்பை, ஷீல்டு, பதக்கம், சட்டை, பந்து, மட்டை, நுழைவுச்சீட்டு, ஆட்ட அறிவிப்பு, அணிப் புகைப்படம் ஆகியவற்றைத் தேடி எடுத்து, அடையாளம் கண்டு, பாதுகாக்கும் பழக்கம். தமிழ் பேசுவோர் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டாரங்களில் இதன் தன்மை நகரங்களில் இருப்பதிலிருந்து வேறுபடுகிறது. கையெழுத்திட்ட கிரிக்கெட் மட்டையும் ஏல விலையும் இங்கே பேச்சல்ல. இடுக்கிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களும் அவற்றின் கிளப்புகளும் விட்டுச்சென்றவையும், பாலக்காட்டுப் பக்கம் பள்ளிக்கூடம், ரயில்வே, கோட்டை மைதானம் ஆகியவற்றைச் சுற்றிச் சேர்ந்தவையுமே தேடுவோரின் முதல் இலக்கு.

மூணாறு

பூஞ்சாற்றுத் தம்புரானிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877இல் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அதன் பிறகு குடியேறிய வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்கள் பொழுதுபோக்குகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஹை ரேஞ்ச் கிளப் அந்த வாழ்க்கையின் பெட்டகம். சுவர்களில் வேட்டையாடிய விலங்குகளின் தலைகள் தொங்குகின்றன. நீண்டகாலம் பணியாற்றித் திரும்பிய துரைமார்கள் விட்டுச்சென்ற தொப்பிகள் அதன் மதுக்கூடத்தில் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன.

தொழிலாளர் பக்கத்து வரலாறு ஃபின்லே ஷீல்டில் இருக்கிறது. ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் எஸ்டேட் அணிகளுக்கு இடையே 1941இல் தொடங்கிய இந்தக் கால்பந்துப் போட்டி, தோட்டங்கள் டாட்டா வசம் போய், 2005இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்திடம் வந்த பிறகும் நடந்துவருகிறது. கிளப் சுவரில் துரைமார்களின் தொப்பி இருக்கிறது. ஆனால் தோட்டத் தொழிலாளர் வசித்த லயத்து வீட்டிலிருந்து வந்து கோல் போட்டவரின் சட்டை எங்கும் இல்லை. சட்டை கிழியும்வரை உடுத்தப்பட்டது என்பது ஒரு காரணம். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்து ஊர் திரும்பும் குடும்பம் சட்டி பானையைத்தான் முதலில் மூட்டை கட்டும் என்பது இன்னொன்று. ஆகவே எஸ்டேட் கால்பந்தைத் தேடுபவர் மூணாற்றில் மட்டும் தேடினால் போதாது. அவர்கள் திரும்பிச் சென்ற தேனி, திண்டுக்கல், திருநெல்வேலிக் கிராமங்களில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் அணிப் புகைப்படங்களையும் தேட வேண்டும்.

இன்னொரு இழப்பு இயற்கையால் நேர்ந்தது. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924 ஜூலையில், வந்த பெருவெள்ளம் மூணாறு நகரையும் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையும் அடித்துச் சென்றது. அதற்கு முந்தைய காகிதம் ஏதேனும் கிடைத்தால் அது பெரும் அதிர்ஷ்டம்.

பாலக்காடும் பிற ஊர்களும்

ஒற்றப்பாலத்தில் பிறந்த எஸ்.எஸ். நாராயணன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்தியக் கால்பந்து அணியின் கோல்காவலர்களில் ஒருவர். அந்த அணி தொடர்பான எதுவும், செய்தித்தாள் கத்தரிப்பு உட்பட, இப்பகுதிச் சேகரிப்பாளர்களுக்கு மதிப்புள்ளது. எர்ணாகுளத்தில் 1973 டிசம்பரில் ரயில்வே அணியை 3–2 என வென்று கேரளம் முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. மூன்று கோலையும் அணித்தலைவர் மணியே போட்டார். அந்த ஆட்டத்தின் நுழைவுச்சீட்டைப் பத்திரப்படுத்தியவர்கள் குறைவு. இடுக்கியின் ஷைனி வில்சன், கே.எம். பீனாமோள் ஆகியோர் காலத்துத் தடகளப் பொருட்கள் இப்போதுதான் பழம்பொருளாகத் தொடங்கியிருக்கின்றன.

எளிதில் கிடைப்பவை 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிப் பொருட்கள். அப்பு யானைச் சின்னத்துக்கு உயிருள்ள வடிவம் கொடுத்தது குட்டிநாராயணன் என்ற கேரளத்து யானை என்பதால் அவற்றின் மீது இங்கே தனிப் பிரியம் உண்டு. ஆனால் அந்தப் போட்டிக்காக வெளியிட்ட இரண்டு ரூபாய் நாணயத்தை அரிய பொருள் என்று சொல்லி விற்பவரிடம் ஏமாற வேண்டாம். தி இந்து குழுமத்தின் ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ (1947–1968) இதழ்கள் அதைவிட உபயோகமானவை. முழுப்பக்க அணிப் படங்கள் பெயர்களோடு அவற்றில் வந்தன.

அடையாளம் காணல்

ஆக்ரிக்கடையில் (பழைய சாமான் கடையில்) கோப்பை கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் அது வெள்ளியல்ல, வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலவை. நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளி. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதிக்கப்பட்டது, பக்கத்திலுள்ள ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். மர ஷீல்டுகளில் விளிம்பைச் சுற்றி அறையப்பட்ட சின்னத் தகடுகளே முக்கியம். எந்த ஆண்டு எந்த அணி வென்றது என்பதற்குப் பல போட்டிகளில் வேறு பதிவு இருக்காது. ஒரு தகடு உதிர்ந்து ஆணித் துளை மட்டும் மிஞ்சியிருந்தால் ஓர் ஆண்டின் வரலாறு போயிற்று என்று பொருள். பழைய தோல் பந்தில் நாடா கட்டிய வாய் இருக்கும், உள்ளே தனி பிளாடர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்கும்வரை இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலில் ஆடினார்கள். அதனால் அதற்கு முந்தைய ‘எஸ்டேட் பூட்ஸ்’ என்று எதையாவது நீட்டினால் சந்தேகப்படுவதே நல்லது.

சட்டம்

வேட்டைத் தலைகள் தனி விவகாரம். இன்று இரவிகுளம் தேசியப் பூங்காவாக உள்ள இடம் ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களம். 1975இல் சரணாலயமாகி 1978இல் பூங்காவானது. அங்கே சுட்ட வரையாட்டுத் தலையைத் துரை ‘ஸ்போர்ட்’ என்றுதான் எழுதிவைத்திருப்பார். ஆனால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. அதே ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கிறது; பழைய வெள்ளிக் கோப்பையும் இதில் சிக்கலாம்.

பராமரிப்பும் பகிர்தலும்

மலை மழையில் தோலில் பூஞ்சை பிடிக்கும், புகைப்படங்கள் ஒட்டிக்கொள்ளும், காகிதத்தை ராமபாணப் பூச்சி அரிக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று முலாம் கோப்பையைப் பிராஸோ போட்டுத் தேய்ப்பவர் வெள்ளியையும் பெயரையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார். மென்துணியால் துடைத்து, ஈரமில்லாத பெட்டியில் வைப்பதே போதும்.

புதிதாகக் கிடைத்ததை மற்றவர்களுக்குக் காட்டுகையில் பொருளின் படத்தோடு அது யாரிடமிருந்து, எந்த ஊரில், என்ன சொல்லப்பட்டு வந்தது என்பதையும் எழுதிவைப்பது நல்ல சேகரிப்பாளர்களின் வழக்கம். பொருளைப் பிறரிடம் ஒப்படைப்பதில் ஆபத்தும் உண்டு. ஹாக்கி வீரர் பல்பீர் சிங் 1985இல் அருங்காட்சியகம் அமைப்பதற்காக இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்த 36 பதக்கங்களும் மெல்போர்ன் ஒலிம்பிக் அணித்தலைவர் கோட்டும் புகைப்படங்களும் காணாமல்போயின. 2020இல் அவர் இறக்கும்வரை அவை திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் சொந்தக்காரர் கொடுக்கத் தயங்கினால் பொருளை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு, தகட்டிலுள்ள எழுத்து தெரியும்படி படமெடுத்து, படத்திலுள்ளவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவோரும் உண்டு.