புகுதலும் புகுத்தலும்: பேக்கன் கட்டுரையில் ‘இன்னோவேஷன்’

‘இன்னோவேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு இன்று பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் சொல்லப்படுகிறது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அது வசை. சமயத்தையும் அரசையும் குலைப்பவர்மேல் எறியப்பட்ட கல். பிறகு தொழிலும் சந்தையும் தலையெடுக்க, அதே சொல் பாராட்டாயிற்று. இக்கதைக்குச் சாட்சியாக அடிக்கடி நிறுத்தப்படுவது, பிரான்சிஸ் பேக்கன் இச்சொல்லையே தலைப்பாக்கி 1625-இல் வெளியிட்ட சிறு கட்டுரை. சாட்சி பொருத்தமானதுதான், ஆனால் வாக்குமூலத்தில் பாதியைத்தான் பதிந்திருக்கிறார்கள்.

வசைக்கதையினர் எடுத்தாள்வது கட்டுரையின் கடைப்பகுதியை. அவசரத் தேவையோ கண்கூடான பயனோ இல்லாமல் அரசியலில் சோதனை செய்யக் கூடாது என்கிறார் பேக்கன் அங்கே. சீர்திருத்தம் மாற்றத்தை இழுத்து வரலாம். மாற்றும் ஆசை சீர்திருத்த வேடம் போடக் கூடாது. முடிவில் விவிலியத்தின் எரேமியாவைத் துணைக்கழைத்து, பழைய வழியில் நின்று சுற்றிலும் பார்த்து நேர்வழியைத் தேடச் சொல்கிறார். இதை மட்டும் படித்தால் புதுமையின்மேல் ஐயுறவுதான் மிஞ்சும்.

நடுப்பகுதியில் குரல் வேறு. மருந்து ஒவ்வொன்றும் ஒருநாள் புதிதாகப் புகுந்ததே. புது மருந்தை மறுப்பவர் புது நோய்க்கு ஆயத்தமாக இருக்கட்டும் என்கிறார். வழக்கத்தைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருப்பதும் புதுமையைப் போலவே கலகம் விளைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலத்தையே மிகப் பெரிய ‘இன்னோவேட்டர்’ என்கிறார்; மனிதர் அதைப் பார்த்து நடந்துகொண்டால் நல்லது என்றும் சொல்கிறார். வெறும் வசைச்சொல் என்றால் அதைக் காலத்துக்குச் சூட்டி, ‘அதுபோல் செய்யுங்கள்’ என்று ஒருவர் எழுதுவாரா?

இரு குரலையும் சேர்த்து ‘பேக்கன் நடுநிலையாளர்’ என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்தார்கள். எனக்கு அது போதவில்லை. கட்டுரையின் அச்சாணி, இரண்டு பகுதிக்கும் இடையில் அவர் போகிறபோக்கில் சொல்வதுபோல் சொல்லும் ஒரு கணக்கில் இருக்கிறது. காலம் பெரிதாக மாற்றும், ஆனால் ஓசையின்றி, கண்ணுக்குத் தெரியாத படிகளில் மாற்றும். மற்றப் புதுமை எதிர்பாராமல் வருவது; சிலரைத் தேற்றும், சிலரைக் கெடுக்கும். பயன் பெற்றவர் அதைத் தம் நல்லூழ் என்று கொண்டு காலத்துக்கு நன்றி சொல்கிறார். கேடுற்றவர் அதை அநீதி என்று கொண்டு, புகுத்தியவரைக் கைகாட்டுகிறார்.

இதை அரசியல்வாதிக்கான எச்சரிக்கையாக மட்டுமே படித்து வந்திருக்கிறோம். எச்சரிக்கைதான், அதோடு சொல்லின் இலக்கணமும் இதுவே என்பது என் துணிபு. ‘இன்னோவேஷன்’ நல்லதா கெட்டதா என்பது செய்கையில் இல்லை. அதன் எழுவாய் யார் என்பதில் இருக்கிறது. எழுவாய் காலமானால் அது கட்டுரையில் இயல்பாக நிற்கிறது. எழுவாய் மனிதரானால் உடனே ஐயமும் நிபந்தனையும் சூழ்கின்றன. பேக்கன் 1621-இல் லஞ்சக் குற்றச்சாட்டில் லார்ட் சான்சலர் பதவி இழந்தவர். நன்மை காலத்துக்கும் பழி ஆளுக்கும் போகும் என்பதை அவர் ஏட்டில் மட்டும் படித்திருக்க மாட்டார். இது ஊகம்; வாதம் இதன்மேல் நிற்கவில்லை.

அவருக்கு முந்திய ஆவணம் ஒன்றும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1548-இல் ஆறாம் எட்வர்டின் பெயரால் வந்த அரசாணை, திருச்சபைச் சடங்குகளில் புதுமை புகுத்துவோரைக் கண்டித்தது. புதுமைக்கு எதிரான அரசாணை என்று இது மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் தலைப்பே கண்டிப்பைத் தம் சொந்த அதிகாரத்தில் அப்படிச் செய்பவர்களோடு நிறுத்திக்கொள்வதைக் கவனிப்பவர் குறைவு. மறு ஆண்டே அதே அரசு புதிய பொது வழிபாட்டு நூலை நாடெங்கும் கட்டாயமாக்கியது. புதுமை தடைப்படவில்லை, யார் புகுத்தலாம் என்பதற்குத்தான் வேலி.

தடை ஒன்று எழுப்பப்படும். 1636-இல் சமயகுரு ஹென்றி பர்ட்டன் ஆயர்களைப் ‘புதுமை புகுத்துவோர்’ என்றார். மறு ஆண்டு அதற்காக வழக்கு மன்றத்தில் தண்டிக்கப்பட்டுக் காது அறுபட்டார். பேராயர் லாட் அதே குற்றச்சாட்டை எதிர்த்தரப்பின்மேலேயே திருப்பினார். இரு தரப்பும் வசையாக ஆண்ட சொல் வசைதானே? வழக்கு மன்றத்தில் ஒரு சொல் எப்படி ஒலிக்கும் என்பதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘இது என்ன புதுப்பழக்கம்?’ என்று தாய் பிள்ளையை அதட்டுவதை வைத்து, தமிழில் ‘புது’ வசைச்சொல் என்று யாரும் அகராதியில் எழுதுவதில்லை. பேக்கன் தம் பெருந்திட்டத்துக்கே ‘மீட்டமைப்பு’ என்ற பொருளில் ‘இன்ஸ்டாரேஷன்’ என்றுதான் பெயரிட்டார் என்பதையும் சிலர் காட்டுவர். 1620-இல் வந்த அத்திட்டத்தின் நூற்பெயரில் ‘நோவம்’, அதாவது ‘புதிய’, என்ற சொல் இருக்கிறதே.

அப்படியானால் இருபதாம் நூற்றாண்டில் நடந்தது என்ன? சொல் வெளுக்கவில்லை, கணக்கேடு தலைகீழானது. பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர் 1939-இல் புத்தாக்கத்தைக் கண்டுபிடிப்பிலிருந்து பிரித்துத் தொழில்முனைவோரின் செயலாக்கினார். அங்கே நன்மைக்கு ஆள் உண்டு. 1942-இல் வந்த நூலில் அவர் பரப்பிய ‘ஆக்கபூர்வ அழிப்பு’ என்ற தொடரில் அழிப்புக்கு ஆள் இல்லை. அது முதலாளியத்தின் இயல்பு. தொழில்முனைவோரின் பங்கே ஒருநாள் தேய்ந்துவிடும் என்று அதே நூலில் அவர் எழுதியதைப் பின்வந்தோர் வசதியாக மறந்தார்கள். இன்று ஆலை திறந்தால் நிறுவனரின் படம் வருகிறது. ஆலை மூடினால் ‘காலம் மாறிவிட்டது’ என்கிறோம். பேக்கன் கண்டதற்கு நேர் எதிர்: பயன் ஆளுக்கு, பழி காலத்துக்கு.

முன்னே நிற்பதைச் சொல்லும் மற்றச் சொற்களிலும் இதே கணக்கு ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் தொட்டுக்காட்டுகிறேன். ‘பயனியர்’ என்பவர் படைக்கு முன்னே சென்று பள்ளம் தோண்டியவர், பாதை வெட்டியவர். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வில் பாசறையின் கடைநிலை ஆளைச் சுட்ட இச்சொல்லே வருகிறது. பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்த காலாள் சொல் அது; சதுரங்கத்தின் ‘பான்’ அதன் உடன்பிறப்பு, நம் அலுவலக வாசலில் நிற்கும் ‘பியூன்’ மற்றோர் உடன்பிறப்பு. 1780-இல் சென்னையில் திரட்டப்பட்ட பயனியர் படையும் மண்வெட்டி பிடித்ததுதான். முன்னே போன செயல் அன்றும் இன்றும் ஒன்றே. மண்வெட்டி பிடித்தவர் போய், விஞ்ஞானியும் நிறுவனரும் எழுவாயானபோது சொல் மாலை சூடிக்கொண்டது.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லில் புதைத்ததை நம் மொழி தன்வினை, பிறவினை என்று பிரித்தே வைத்திருக்கிறது. பழையவை நீங்குவதும் புதியவை நுழைவதும் காலத்தின் வழிப்பட்டவை, குற்றமாகா என்று நன்னூல் சொல்லும்போது, அங்கே கழிதலும் புகுதலும் தன்வினைகள்; பொறுப்பைக் காலம் ஏற்கிறது. நன்னூலை எழுதிய பவணந்தியார் ‘புகுத்தல்’ என்று எழுதியிருந்தால் ‘யார்?’ என்ற கேள்வி எழுந்திருக்கும், விதியும் வேறாகியிருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண நூலும் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கட்டுரையும் ஒன்றையொன்று அறியா. ஒப்புமையை அதற்குமேல் நீட்ட மாட்டேன்.

ஆனால் பெயர்ப்பில் இது பயன்படும். இன்றைய வழக்கான ‘புத்தாக்கம்’ பிறக்கும்போதே பாராட்டோடு பிறந்த சொல். பேக்கன் கட்டுரையின் தலைப்பில் அதை வைத்தால் கட்டுரையின் பாதி விளங்காது. காலம் எழுவாயாக வரும் இடங்களில் ‘புகுதல்’ என்றும், மனிதர் வரும் இடங்களில் ‘புகுத்தல்’ என்றும் பெயர்க்க வேண்டும். தலைப்பு ‘புதியன புகுத்தல்’ என்றே இருக்கட்டும்.